சைக்கிள் கால்சட்டைக்கு உள்ளே என்ன அணிவது? கேட்கக் கூசும் கேள்விக்கு நேரான பதில்

சைக்கிளோட்டம் பற்றி எந்த அரங்கத்தில் பேசினாலும் கேள்விகளுக்குக் குறைவிருக்காது. எந்த சைக்கிள் வாங்கலாம், தலைக்கவசம் எப்படிப் பொருந்த வேண்டும், டயரில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்பார்கள். ஆனால் பலருடைய மனத்தில் இருக்கும் ஒரு கேள்வி மட்டும் ஒலிவாங்கிவரை வருவதே இல்லை. கூட்டம் கலைந்த பிறகு, ஓரமாக ஒதுங்கி நின்று, தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி அது.

“அந்த இறுக்கமான கால்சட்டைக்கு உள்ளே என்ன போட்டுக்கொள்வது?”

பதில் மிகச் சுருக்கமானது. திண்டு வைத்துத் தைத்த சைக்கிள் கால்சட்டையாக இருந்தால் உள்ளே ஒன்றும் அணிய வேண்டாம். அந்தக் கால்சட்டையே உள்ளாடை. அது நேராகத் தோலின்மீது படும்படி அணிவதற்காகவே தைக்கப்படுகிறது.

இதைக் கேட்டதும் பலர் திடுக்கிடுவார்கள். உள்ளாடை இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டுவதா என்று தோன்றும். நீச்சல் உடைக்குள் யாரும் உள்ளாடை அணிவதில்லை. அதை நாம் தவறாக நினைப்பதும் இல்லை. சைக்கிள் கால்சட்டையும் அதே வகையைச் சேர்ந்த உடைதான். அது நம் வீடுகளுக்குள் சற்றுத் தாமதமாக வந்தது. அதனால்தான் இந்தத் தயக்கம்.

கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்போல் தெரிந்தாலும் இதில் இழப்பு உண்டு. முழங்காலுக்கு அதிகச் சுமை தராத உடற்பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, ஐம்பது வயதுக்குமேல் சைக்கிள் வாங்குவோர் இருக்கிறார்கள். முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் தொடையிடுக்கில் எரிச்சல். மூன்றாம் வாரத்தில் உட்காரவே முடியாத அளவுக்கு வலி. அதன்பின் சைக்கிள் வீட்டுத் தாழ்வாரத்தில் துண்டு காயப்போடும் கம்பியாகிவிடுகிறது. ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால் “நேரமில்லை” என்று பதில் வரும். உண்மையான காரணம் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் சைக்கிளோ வயதோ காரணம் அல்ல. உள்ளே இருந்த பருத்தி உள்ளாடையின் தையல்தான் காரணம்.

உள்ளாடை என்ன கெடுதல் செய்கிறது?

நிமிடத்துக்கு அறுபது முறை மிதிப்பது நிதானமான வேகம். அப்படி இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒவ்வொரு காலும் 7,200 முறை சுற்றி வருகிறது. அதாவது தொடையிடுக்கில் இருக்கும் எந்தத் தையலும், எந்த மடிப்பும், எந்த ரப்பர் பட்டையும் ஒரே இடத்தில் 7,200 முறை உரசுகிறது. சாதாரண உள்ளாடையின் தடித்த தையல் எங்கே இருக்கிறது? சரியாகத் தொடை மடியும் இடத்தில், இருக்கை அழுத்தும் இடத்தில். நடக்கும்போது அது தெரிவதில்லை. உடம்பின் எடை முழுவதும் அதன்மேல் அமரும்போதுதான் தெரிகிறது.

இரண்டாவது, பருத்தி. நமது வெயிலுக்குப் பருத்திதான் நல்லது என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது சரி. ஆனால் பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், விரைவில் உலராது. பகல் வெப்பநிலை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை போவதும், காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்குமேல் இருப்பதும் சிங்கப்பூரில் வழக்கம். அரை மணி நேரத்தில் அந்தத் துணி நனைந்துவிடும். ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி, உலர்ந்த தோலைவிட எளிதில் வழண்டுவிடும்.

மூன்றாவது, இடையில் ஒரு துணி புகுந்தால் திண்டு தன் வேலையைச் செய்ய முடியாது. வியர்வையைத் தோலிலிருந்து இழுத்து வெளியே கடத்துவதும், உடம்போடு சேர்ந்து அசைந்து உரசலைத் தன்மேல் வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. தோலுக்கும் திண்டுக்கும் நடுவே உள்ளாடை இருந்தால் அது சுருண்டு மடிந்து, காப்பதற்காகப் போட்ட திண்டே பயனற்றுப் போகும்.

ஆட்டுத் தோலிலிருந்து செயற்கை இழைவரை

இந்தத் திண்டை ஆங்கிலத்தில் ‘ஷாமி’ என்று சொல்வதைக் கடைகளில் கேட்கலாம். ஐரோப்பிய மலைகளில் வாழும், வெள்ளாட்டைப் போன்ற ஒரு விலங்கின் பெயர் அது. முற்காலத்தில் சைக்கிள் வீரர்கள் கறுப்புக் கம்பளிக் கால்சட்டை அணிந்தார்கள். அதன் உட்புறத்தில் மென்மையான தோல் வைத்துத் தைத்திருப்பார்கள். துவைத்துக் காயவைத்தால் அந்தத் தோல் அட்டைபோல் விறைத்துவிடும். அதை மீண்டும் இளக்கத்தான் ‘ஷாமி களிம்பு’ பிறந்தது. அப்போது அந்தக் களிம்பு பூசப்பட்டது கால்சட்டைத் தோலுக்காக. இப்போது பூசப்படுவது மனிதத் தோலுக்காக.

1958ல் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியல் ஆய்வாளர் நன்றாக நீண்டு சுருங்கும் இழை ஒன்றை உருவாக்கினார். அதுதான் பிறகு லைக்ரா என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. 1970களில் அது சைக்கிள் உடைக்கு வந்தது. 1980களில் தோல் திண்டின் இடத்தைச் செயற்கைத் திண்டு பிடித்தது. இப்படி எல்லாமே மாறிய பிறகும் ஒன்று மாறவில்லை. கம்பளிக் காலத்திலும் சரி, லைக்ரா காலத்திலும் சரி, அது தோலோடு ஒட்டி அணியும் உடை.

வெற்றி வீரர்களையும் விடாத புண்

உட்காரும் இடத்துப் புண் புதிதாக ஓட்டுவோருக்கு மட்டும் வருவதல்ல. பிரான்ஸ் நாட்டு வீரர் லூயிசோன் போபே 1955ல் ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தைத் தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றார். அந்தப் பந்தயத்தை அவர் இருக்கைப் புண்ணோடுதான் ஓட்டி முடித்தார். பிறகு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அயர்லாந்தின் ஷான் கெல்லி 1987ல் ஸ்பெயின் நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் முன்னணியில் இருந்தார். முடிவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில் புண்ணின் வலி தாங்காமல் விலகினார்.

1989ல் நடந்தது இன்னும் பெரிய கதை. டூர் டி பிரான்சின் கடைசி நாளில் லோரோன் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையோடு கிளம்பினார். மீதமிருந்தது 24.5 கிலோமீட்டர்தான். ஆனால் அவருக்கு இருக்கைப் புண் வந்து, உட்காருவதே சிரமமாக இருந்தது. அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் அன்று அவரை முந்தினார். மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான பந்தயத்தில் இறுதி வேறுபாடு வெறும் 8 விநாடி. புண் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. லெமாண்ட் காற்றைக் கிழிக்கும் புதுவகைக் கைப்பிடியைப் பயன்படுத்தினார். இருந்தாலும், அந்த 8 விநாடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் புண்ணையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

ஆக, புண் வந்தது என்று வெட்கப்பட எதுவும் இல்லை. வராமல் பார்த்துக்கொள்ளாததுதான் தவறு.

எந்த உடைக்கு எந்த விதி?

குழப்பம் வருவது இங்கேதான். கடையில் ஒரே வரிசையில் தொங்கும் உடைகள் எல்லாம் ஒன்றல்ல. வாங்குமுன் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

திண்டு உள்ள அரைக்கால்சட்டை: உள்ளே ஒன்றும் வேண்டாம். தோள்பட்டை வார் வைத்த வகைக்கும் இதே விதிதான். வயிற்றை அழுத்தும் ரப்பர் பட்டை இல்லாததால் தொந்தி உள்ளவர்களுக்கு இந்த வார் வகையே வசதி.

திண்டு உள்ள நீண்ட டைட்ஸ்: இதற்கும் உள்ளே ஒன்றும் வேண்டாம். குளிர் நாடுகளில் குளிருக்காக அணிவதை நம் ஊரில் வெயிலுக்காகவும், கால் தெரியாமல் இருப்பதற்காகவும் சிலர் அணிகிறார்கள்.

திண்டு இல்லாத நீண்ட டைட்ஸ்: இது மேலுறை மட்டுமே. திண்டு உள்ள அரைக்கால்சட்டையை முதலில் தோலோடு அணிந்து, அதன்மேல் இதை அணிய வேண்டும். உள்ளாடைமீது இதை அணிந்துகொண்டு நீண்ட தூரம் ஓட்டினால் சிரமம்தான். ஒரு திண்டுக்குமேல் இன்னொரு திண்டு அணிவதும் கூடாது. இரட்டை மெத்தை சுகம் தராது. மடிப்பும் சூடும்தான் கூடும்.

தளர்வான சாதாரண அரைக்கால்சட்டை: இதற்குள் அணிவதற்கென்றே மெல்லிய, திண்டு வைத்த ‘லைனர்’ கிடைக்கிறது. அதைத் தோலோடு அணிந்து, மேலே வழக்கமான கால்சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். அலுவலகத்துக்கு சைக்கிளில் செல்வோருக்கும் இது பொருந்தும்.

எம்ஆர்டி நிலையத்துக்கோ ஈரச்சந்தைக்கோ பத்து நிமிடப் பயணம்: திண்டே தேவையில்லை. வழக்கமான உள்ளாடை போதும். அதிலும் தொடையைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் இல்லாத, தையல் குறைந்த, விரைவில் உலரும் துணி நல்லது.

உடற்பயிற்சிக்கூடத்தில் அசையா சைக்கிள் ஓட்டுவோருக்கும் இதே விதிகள்தான். அங்கே எதிர்க்காற்று இல்லாததால் வியர்வை இன்னும் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடுப்பெலும்பின் அமைப்பு வேறு. அதனால் திண்டின் வடிவமும் வேறாகவே தைக்கப்படுகிறது. கணவருடைய அல்லது அண்ணனுடைய பழைய கால்சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்வது சிக்கனம்போல் தோன்றும், பயன் தராது. பெண்களுக்கென்று தைத்ததையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாதவிலக்கு நாள்களில் சாதாரண நாப்கினின் ஓரங்கள் உரசிப் புண்ணாக்கலாம். அந்நாள்களில் பயணத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். அல்லது உடலுக்குள் வைக்கும் மாதவிலக்குக் கிண்ணம் போன்றவற்றுக்குப் பழக்கப்பட்டவர்கள் அவற்றைப் பயன்படுத்தலாம். தையல் இல்லாத மெல்லிய மாதவிலக்கு உள்ளாடையைத் திண்டுக்குள் அணிவதும் உண்டு. உள்ளே ஒன்றும் வேண்டாம் என்ற விதிக்கு இது நியாயமான விதிவிலக்கு.

அந்தப் பகுதியில் முடியை மழிப்பது அழுத்தம்படும் இடத்தில் முடிவேர்களைப் புண்ணாக்கும். முடி இயல்பாகவே உரசலிலிருந்து காக்கும் ஒன்று. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னர் பிரிட்டனின் சைக்கிள் வீராங்கனைகளுக்கு, முடியை அகற்ற வேண்டாம் என்றே ஆலோசனை கூறப்பட்டது. இந்த அறிவுரை ஆண்களுக்கும் பொருந்தும்.

பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

இறுக்கமான உடையில் உணவங்காடிக்குள் நுழையக் கூச்சப்படுவது இயல்பு. அதற்குத் தீர்வு உள்ளே ஒன்றைச் சேர்ப்பதல்ல. வெளியே ஒன்றைச் சேர்ப்பது. மெல்லிய தளர்வான அரைக்கால்சட்டை ஒன்றை மேலே அணிந்தால் போதும். பெண்கள் இடுப்புக்குக் கீழே இறங்கும் மேல்சட்டை அணியலாம். ஆனால் மேலுடை இருக்கையின் முன்நுனியில் சிக்காத அளவுக்கு அளவாக இருக்க வேண்டும். அடக்கமாகவும் உடுத்தலாம், புண் இல்லாமலும் ஓட்டலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அளவும் இருக்கையும்

கால்சட்டை தோலோடு ஒட்டி, ஆனால் மூச்சை அடைக்காமல் இருக்க வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது மட்டும் சுகாதாரம் கருதி உள்ளாடைமேல் அணிந்து பார்ப்பதே முறை. நிமிர்ந்து நின்று பார்த்தால் குழந்தையின் அணையாடைபோல் தோன்றும். சைக்கிள் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் குனிந்து பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். திண்டு எங்காவது சுருங்கினால் அடுத்த அளவைப் பார்க்க வேண்டும். தடித்த திண்டுதான் உயர்ந்தது என்பதும் இல்லை. அடர்த்தியும் பொருத்தமும்தான் முக்கியம்.

நல்ல கால்சட்டை அணிந்தும் வலித்தால் இருக்கையைக் கவனிக்க வேண்டும். உடம்பின் எடை இடுப்பெலும்பின் இரண்டு அடிமுனைகளில் இறங்க வேண்டும். நடுவிலுள்ள மென்மையான பகுதியில் இறங்கக் கூடாது. இருக்கை மிக உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடி, உரசல் அதிகமாகும். மிகவும் மெத்தென்ற இருக்கையில் எலும்பு புதைந்து, அழுத்தம் நடுப்பகுதிக்குப் போய்விடும்.

அங்கே மரத்துப்போனால் அதை வழக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. நரம்பும் இரத்த ஓட்டமும் அழுத்தப்படுகின்றன என்பதற்கு அதுவே அறிகுறி. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம், சைக்கிளில் சுற்றுக்காவல் செய்யும் போலிசார் போன்றோருக்கு முன்நுனி இல்லாத இருக்கையை 2009ல் பரிந்துரைத்ததற்கு இதுவே காரணம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மிதிகளின்மேல் சற்று எழுந்து நின்று ஓட்டுவது எளிய பழக்கம், செலவில்லாதது.

களிம்பு வேண்டுமா?

ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுவோர் சைக்கிளோட்டிகளுக்கான களிம்பை உரசும் இடத்தில் மெல்லியதாகப் பூசலாம். சிலவற்றில் குளிர்ச்சிக்காக மென்தால் சேர்ப்பார்கள். மென்மையான தோலுக்கு அது எரிச்சல் தரலாம். பெட்ரோலியம் ஜெல்லி உரசலைக் குறைக்கும் என்றாலும் திண்டில் படிந்து எளிதில் துவைக்க வராது. பவுடர் போடும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். வியர்வையில் அது கட்டியாகி, அந்தக் கட்டியே உரசும். பவுடரைத் தவிர்ப்பது நல்லது.

ஓட்டி முடித்த பிறகுதான் பாதி வேலை

ஞாயிற்றுக்கிழமை காலை சாங்கிவரை ஓட்டிவிட்டு, ரொட்டி பிராட்டாவும் தே தாரேக்கும் வாங்கிவைத்து, ஈரக் கால்சட்டையோடு ஒரு மணி நேரம் அரட்டை அடிப்பது பலருக்கும் பிடித்த காட்சி. பூஞ்சைக்கும் கிருமிக்கும் அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில்தான் படர்தாமரையும் முடிவேர்ப் புண்ணும் வருகின்றன. பையில் ஒரு மாற்றுக் கால்சட்டையும் சுத்தமான உள்ளாடையும் எடுத்துச் செல்ல வேண்டும். முதலில் கழுவித் துடைத்து உடை மாற்றுவது, பிறகு பசியாறுவது. உள்ளாடைக்கு உரிய நேரம் இதுதான்.

ஒருமுறை அணிந்த கால்சட்டையைத் துவைக்காமல் மறுமுறை அணியவே கூடாது. இது உள்ளாடை என்பதை நினைவில் வைத்தால் இந்த விதி தானாகப் புரியும். உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பில் துவைக்கலாம். துணிக்கு மணமூட்டும் மென்மையாக்கித் திரவம் வேண்டாம். அது இழைமேல் படிந்து வியர்வையைக் கடத்தும் தன்மையைக் குறைக்கும். சூடான உலர்த்தி இயந்திரமும் வேண்டாம், இழை தளர்ந்துவிடும். திண்டு வெளியே தெரியும்படி கழியில் காயப்போட்டால் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திண்டு ஒரே நாளில் காயாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டுவோரிடம் குறைந்தது இரண்டு கால்சட்டைகள் இருக்க வேண்டும். திண்டு நசுங்கித் தட்டையானாலோ துணி ஒளிபுகும் அளவுக்கு மெலிந்தாலோ மாற்றிவிட வேண்டும். பின்னால் வருபவர்களுக்கும் அது நல்லது!

நீரிழிவு உள்ளவர்களுக்கு

நம் சமூகத்தில் நீரிழிவு உள்ள குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு சைக்கிளோட்டம் நல்ல பயிற்சி. ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது தோலில் கிருமித் தொற்றும் பூஞ்சையும் எளிதில் வரும்; புண் ஆறத் தாமதமாகும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒருவகை நீரிழிவு மாத்திரை சாப்பிடுவோருக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. சைக்கிள் ஓட்டுவதை மருத்துவரிடம் சொல்லி, அரிப்போ சிவப்போ தெரிந்தவுடன் ஆலோசனை பெற வேண்டும்.

மற்றவர்களும் சில அறிகுறிகளை அலட்சியப்படுத்தக் கூடாது. சிவந்து எரிந்தால் இரண்டு மூன்று நாள் ஓட்டாமல் இருந்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். கட்டியாகத் திரண்டாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மரத்துப்போன உணர்வு நீடித்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டியை வீட்டில் கிள்ளுவதும் பிதுக்குவதும் கூடாது. மருந்தகத்தில் எந்த இடம் என்று சொல்லக் கூசி, “முதுகு வலி” என்று சொல்லிவிட்டு வருவதால் புண் ஆறப்போவதில்லை. மருத்துவருக்கு இது புதிய விஷயமும் அல்ல.

சைக்கிள் வாங்கித் தரும் பிள்ளைகள், கூட ஓட்டும் நண்பர்கள், கடையில் விற்பவர்கள் ஆகியோர் இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது: “இதற்குள் ஒன்றும் அணிய வேண்டாம், ஓட்டி முடித்ததும் மாற்றிவிடுங்கள்.” சொல்ல ஐந்து விநாடிகூட ஆகாது. தாழ்வாரத்தில் துண்டு சுமந்து நிற்கும் சைக்கிள்களில் சிலவாவது அதனால் மறுபடியும் பாதைக்கு வரும்.